கயிறு இழுத்த கையும் காப்புரிமைத் தாளும்

1856-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள், ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர் கல்கத்தாவில் ஒரு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தார். அந்த ஆண்டுதான் இயற்றப்பட்டிருந்த காப்புரிமைச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் பதிவான முதல் விண்ணப்பம் அது. அவர் உரிமை கோரிய பொருள், பங்கா இழுக்கும் இயந்திரம். வெள்ளை அதிகாரியின் அறையில் கூரையிலிருந்து தொங்கிய பெருவிசிறியை, வெளித் திண்ணையில் அமர்ந்து இரவும் பகலும் கயிற்றால் இழுத்துக்கொண்டிருந்த மனிதனின் வேலையை ஒரு பொறியிடம் ஒப்படைப்பதே அவருடைய எண்ணம்.

விண்ணப்பம் வரலாற்றில் இடம்பெற்றது. கயிற்றைப் பிடித்திருந்த கை விடுபடவில்லை. அடுத்த ஆண்டே அச்சட்டம், பிரிட்டிஷ் அரசியின் ஒப்புதல் பெறாமல் இயற்றப்பட்டது என்ற காரணத்தால் நீக்கப்பட்டு, 1859-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. பங்கா இழுப்பவர்களோ மின்விசிறி பரவும் காலம்வரை திண்ணைகளில் அமர்ந்தே இருந்தார்கள். காப்புரிமைத் தாளுக்கும் உழைக்கும் கைக்கும் இடையிலான தூரம் இந்நாட்டில் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. நூற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தூரத்தை அளந்து பார்க்கும் பழக்கம் மட்டும் ஏற்படவில்லை.

காப்புரிமை அலுவலகம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் இதழை வெளியிடுகிறது. அதில் ஓயாமல் வரும் ஒரு வகை உண்டு: மூலப்பொருளைத் தானாக உள்ளே செலுத்தும் இயந்திரம், அளந்து வழங்கும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம், இம்மூன்றையும் ஒன்றாக இணைத்த இயந்திரம். செலுத்துதல், அளத்தல், உலர்த்துதல் ஆகிய மூன்றும் மனிதக் கை ஆதியிலிருந்து செய்துவரும் வேலைகள். களத்திலும் ஆலையிலும் கடையிலும் கை நசுங்குவதும், கை நடுங்குவதும், கை ஏமாற்றுவதும் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். ஆகவே இவ்வகைக் கண்டுபிடிப்பு ஒன்றை மதிப்பிட வேண்டுமானால், அது எந்தக் கைக்கு என்ன செய்தது என்று கேட்பதே நேர்மையான அளவுகோல். இன்று நடப்பிலுள்ள அளவுகோல் எண்ணிக்கை.

முதலில் செலுத்துதல். பசுமைப் புரட்சிக்குப் பின் பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் விசையால் இயங்கும் கதிரடிக்கும் இயந்திரங்கள் ஊருக்கு ஊர் பரவின. கோதுமைக் கதிரைக் கையால் அள்ளி இயந்திரத்தின் வாயில் தள்ள வேண்டும். உள்ளே சுழலும் உருளை கதிரை இழுத்துக்கொள்ளும். கதிரோடு கையையும் இழுத்துக்கொள்ளும். அறுவடைக் காலத்தின் சில வாரங்களுக்குள் விரலும் மணிக்கட்டும் முழங்கையும் இழந்தவர்கள் மருத்துவமனைகளுக்கு வரிசையாக வந்தார்கள். அவர்களில் பலர் கூலித் தொழிலாளர்கள். இயந்திரம் அவர்களுடையதன்று, விளைச்சலும் அவர்களுடையதன்று. கை மட்டும் அவர்களுடையது.

இதற்கான தீர்வு பெரிய ஆய்வகத்தில் பிறக்க வேண்டியதாக இருக்கவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1979-இல் வகுத்த நெறியில் அது இருக்கிறது: கதிர் நுழையும் தகரச் சரிவு குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதில் உருளையை ஒட்டிய 45 சென்டிமீட்டராவது மேலே மூடியிருக்க வேண்டும். இந்தக் கணக்கின் அழகு எளிமையில் இருக்கிறது. வளர்ந்த மனிதனின் கை, தோளிலிருந்து விரல் நுனிவரை, அந்தச் சரிவின் நீளத்துக்குக் குறைவு. மூடிய பகுதிக்குள் தோளை நுழைக்க முடியாது. எனவே களைத்துப் போனாலும், தூக்கம் கண்ணைச் சொருகினாலும், கவனம் சிதறினாலும், விரல் உருளையைத் தொட முடியாது. தொழிலாளியின் எச்சரிக்கை உணர்வை நம்பாமல் தகரத்தின் நீளத்தை நம்பிய வடிவமைப்பு அது. டெல்லி ஐஐடியில் பேராசிரியராக இருந்த தினேஷ் மோகனும் அவருடைய குழுவினரும் இத்தகைய பண்ணைக் காயங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். மாட்டுத்தீவனம் வெட்டும் கைச்சக்கர இயந்திரத்தில் குழந்தைகளின் விரல் துண்டாவதைத் தடுக்கச் சிறு செலவிலான தடுப்புகளையும் உருவாக்கிக் காட்டினார்கள்.

நாடாளுமன்றமும் வாளாவிருக்கவில்லை. 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கதிரடிக்கும் இயந்திரத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்ட சட்டம் அது. தரநெறி இருந்தது, சட்டம் இருந்தது, தீர்வின் வரைபடம் இருந்தது. ஆயினும் குறுகிய வாயுடன் கூடிய இயந்திரங்கள் தொடர்ந்து விற்பனையாயின. காரணம் புரியாததன்று. நீண்ட சரிவு கதிர் தள்ளும் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுபவருக்கும் எடுப்பவருக்கும் வேகமே பணம். சிறு பட்டறைக்காரருக்குக் கூடுதல் தகரம் கூடுதல் செலவு. கையை இழக்கப்போகிறவருக்கு இந்தப் பேரத்தில் இடமே இல்லை. கண்டுபிடிப்பதற்கும் கண்டுபிடித்தது களத்தில் நிற்பதற்கும் இடையே எத்தனை படிகள் உண்டு என்பதற்கு இந்த 90 சென்டிமீட்டர் தகரத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அடுத்து, எது கண்டுபிடிப்பு என்ற கேள்வி. தானியங்கி இயந்திரம் என்ற பெயரில் வரும் பல விண்ணப்பங்களின் உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்த்தால், ஒரு கொள்கலன், ஒரு திருகு, ஒரு மோட்டார், ஓர் உணரி, ஒரு வெப்பக்காற்று விசிறி, ஒரு நுண்கட்டுப்படுத்தி ஆகியவை கிடைக்கும். ஒவ்வொன்றும் கடைத்தெருவில் கிடைப்பது. ஒவ்வொன்றும் தான் ஏற்கெனவே செய்துவந்த வேலையையே இங்கும் செய்வது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(எஃப்)-இல் இதைத்தான் விலக்கி வைக்கிறது. அறியப்பட்ட சாதனங்கள், ஒன்றையொன்று சாராமல், அறியப்பட்ட வகையிலேயே இயங்குமாறு அடுக்கப்பட்டாலோ மாற்றி அடுக்கப்பட்டாலோ அது சட்டத்தின் கண்ணில் கண்டுபிடிப்பு ஆகாது.

உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை 1978 டிசம்பரில் அழுத்தமாக வரைந்தது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் தொழிலிலிருந்து எழுந்த வழக்கு அது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கு என்று சட்டப் புத்தகங்கள் அழைக்கின்றன. கடைசல் இயந்திரத்தில் சுழலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்புக்கு 1951-இல் பெறப்பட்ட காப்புரிமை செல்லுமா என்பது கேள்வி. பழைய முறையில் பாத்திரம் பிடியிலிருந்து தெறித்துத் தொழிலாளியைக் காயப்படுத்தும் அபாயம் இருந்தது. புதிய அமைப்பு அதைக் குறைத்தது. எனினும் நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. பழக்கமான ஒரு கருவியைப் பழக்கமான வழியில் பொருத்திக் கண்ட பட்டறை மேம்பாடு, அது எவ்வளவு பயனுள்ளதாயினும், கண்டுபிடிப்பின் தகுதியைப் பெறாது என்றது தீர்ப்பு.

இத்தீர்ப்பைக் கடுமையானது என்று கருதுவோர் உண்டு. ஆனால் அதன் மறுபக்கம் கவனத்துக்குரியது. பட்டறை மேம்பாடு யாருக்கும் தனியுரிமை ஆகாது என்றால், அது எல்லாப் பட்டறைகளுக்கும் பொது. மிர்சாபூரின் எந்தக் கொல்லரும் பாத்திரம் தெறிக்காத கடைசலை அமைத்துக்கொள்ளலாம். கையைக் காக்கும் சிறு அறிவு எல்லாக் கைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதும், இருபது ஆண்டுத் தனியுரிமை என்ற பெரும் பரிசு உண்மையான புதுமைக்கே உரியது என்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். அற்பமான அடுக்கல்களுக்குக் காப்புரிமை வழங்கப்படும்போது முதலில் இடறுவது பெருநிறுவனம் அன்று. சட்ட அறிவிப்பைக் கண்டு அஞ்சும் சிறு பட்டறையே.

உலர்த்துதலின் கதை வேறொரு பாடத்தைத் தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அசாம், கச்சார் தேயிலைத் தோட்டங்களில் இலை கரியடுப்பின் மேல் கூடைகளில் உலர்த்தப்பட்டது. புகை, சூடு, கருகல், காடழிப்பு என எல்லாம் அந்த ஓர் அறைக்குள் கூடியிருந்தன. 1864-இல் கச்சாருக்கு வந்த சாமுவேல் கிளேலண்ட் டேவிட்சன் என்ற ஐரிஷ் இளைஞர், அடுப்பின் புகை இலையைத் தீண்டாமல் தூய வெப்பக்காற்றை மட்டும் இலைக்குள் செலுத்தும் வழியைத் தேடினார். அவருடைய ‘சிராக்கோ’ உலர்த்தி அப்படித்தான் உருவானது. பின்னர் பெல்ஃபாஸ்ட் திரும்பி 1881-இல் தொழிற்சாலை அமைத்தார். அசாமில் இலை உருட்டும் இயந்திரத்தை வடித்த வில்லியம் ஜாக்சனும் தோட்டத்தில் வாழ்ந்தவரே. அவர்களுடைய காப்புரிமைகள் உலகெங்கும் இயந்திரங்களாக மாறியதற்கு முதற்காரணம், அவர்கள் அந்த அறையின் வெப்பத்தை உடலால் அறிந்திருந்தார்கள் என்பது. அதே வரலாற்றின் கசப்பும் மறக்கத்தக்கதன்று. இயந்திரத்தின் ஆதாயம் தோட்ட முதலாளிக்கும் பெல்ஃபாஸ்ட் ஆலைக்கும் சென்றது. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கொழுந்து கிள்ளுவதிலேயே நின்றார்கள்.

அறையின் வெப்பத்தை உடலால் அறிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரியானாவின் யமுனாநகர் மாவட்டத்து டாம்லா கிராமத்தைச் சேர்ந்த தரம்வீர் கம்போஜ் ஒருகாலத்தில் டெல்லியில் ரிக்‌ஷா இழுத்தவர். ஊர் திரும்பி விவசாயம் செய்தபோது, கற்றாழையும் நெல்லியும் மூலிகைகளும் பதப்படுத்தும் பல்பயன் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் துணையால் அதற்குக் காப்புரிமையும் கிட்டியது. இயந்திரம் இன்று விற்பனையாகிறது, வெளிநாடுகளுக்கும் செல்கிறது. கல்லூரிப் பட்டம் இல்லாத ஒருவரின் காப்புரிமை களத்தில் ஓடுகிறது. பட்டங்கள் நிறைந்த பல நிறுவனங்களின் காப்புரிமைகள் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகின்றன. இந்த முரணை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

அளந்து வழங்குதலில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நியாயவிலைக் கடையில் எடை குறைவது இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக அறிந்த துயரம். உலக உணவுத் திட்டம் உருவாக்கிய ‘அன்னபூர்த்தி’ என்னும் தானியம் வழங்கும் இயந்திரம் 2024 ஆகஸ்டில் ஒடிசாவின் புவனேஸ்வரத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குமாறு நிறுவப்பட்டது. ஐந்து நிமிடத்தில் 50 கிலோ தானியத்தை அளந்து தரும் திறனுடையது. பிழை மிக மிகச் சொற்பம் என்று அறிவிக்கப்பட்டது. இங்கே இயந்திரம் ஒரு கையை மாற்றுகிறது. தராசுத் தட்டை அழுத்தும் கையை. கூலிக்குச் செல்லும் பெண் ஒரு நாள் வேலையை இழந்து கடைவாசலில் நிற்க வேண்டியதில்லை என்பது சிறிய விடுதலை அன்று. ஆயினும் விரல் ரேகை தேய்ந்த முதியவருக்கும் திரையைப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த இயந்திரத்தின் முன் என்ன நேர்கிறது என்பதும் அதே கண்டுபிடிப்பின் பகுதிதான். அளவு துல்லியமாக இருந்து ஆள் திருப்பி அனுப்பப்பட்டால், துல்லியத்துக்குப் பொருளில்லை.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு எண்ணிக்கைக்கு வரலாம். 2013-14-இல் இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகள் 4,227. 2023-24-இல் ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கும் மேல். தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களைத் தீர்த்ததும், ஆய்வாளர்களை அதிகரித்ததும் இந்த உயர்வுக்கு உதவின; பாராட்டத்தக்கவை. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை அளிக்கப்பட்டது. அதுவும் நல்ல நோக்கமே. ஆனால் தேசிய நிறுவனத் தரவரிசையில் வழங்கப்பட்ட காப்புரிமைகளோடு வெளியிடப்பட்ட விண்ணப்பங்களும் மதிப்பெண் பெறுகின்றன. வெளியீடு என்பது தகுதிச் சான்று அன்று. தாக்கல் செய்த பதினெட்டு மாதத்தில் ஏறக்குறைய எல்லா விண்ணப்பமும் தானாகவே வெளியாகும். கட்டணம் செலுத்தினால் அதற்கு முன்பே வெளியாகும். அதுவரை எந்த ஆய்வாளரும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

இந்த இடைவெளியில் ஒரு சந்தை முளைத்திருக்கிறது. குறிப்பிட்ட தொகை செலுத்தினால் கண்டுபிடிப்பாளர் வரிசையில் பெயர் சேர்க்கப்படும் என்ற விளம்பரங்கள் ஆசிரியர்களின் அலைபேசிக் குழுக்களில் வெளிப்படையாகச் சுற்றுகின்றன. பிரிட்டனில் பதிவாகும் வடிவப் பதிவு அங்கே காப்புரிமை என்ற பெயரில் விற்கப்படுகிறது. வடிவப் பதிவு ஒரு பொருளின் தோற்றத்தை மட்டுமே காக்கும். பிரிட்டனில் அது புதியதா என்று ஆராயாமலே பதிவாகிவிடும். உலர்த்தும் பெட்டி ஒன்றின் கணினிப் படம் வரைந்தால் போதும், உலர்த்த வேண்டியதில்லை. பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்க்கும் உதவிப் பேராசிரியரை மட்டும் குற்றம் சொல்வது எளிது. எண்ணிக்கையைக் கேட்டு வாங்கும் அமைப்பு எண்ணிக்கையைத்தான் பெறும்.

எல்லாக் காப்புரிமையும் சந்தைக்கு வந்தே ஆக வேண்டுமா என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. உலகில் எங்குமே பெரும்பாலான காப்புரிமைகள் பொருளாவதில்லை. ஆராய்ச்சியில் தோல்விக்கு இடம் வேண்டும். தாக்கல் செய்யும் பழக்கமே இல்லாத சமூகம் முதலில் அப்பழக்கத்தைப் பெற வேண்டும். இவை உண்மை. ஆனால் முயன்று தோற்ற கண்டுபிடிப்பு வேறு, முயலும் எண்ணமே இல்லாமல் தாளாகப் பிறந்த கண்டுபிடிப்பு வேறு. முன்னது அடுத்தவருக்கு வழிகாட்டும். பின்னது அடுத்தவரின் தேடலில் குப்பையாகக் கிடந்து வழியை மறைக்கும்.

சட்டம் இந்த வேறுபாட்டை அறிந்தே எழுதப்பட்டது. நீதியரசர் என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கை, இந்தியாவின் காப்புரிமைகளில் மிகப் பெரும்பான்மை அயல்நாட்டாரிடம் இருப்பதையும் அவை இங்கே செயல்படுத்தப்படாமல் கிடப்பதையும் எடுத்துக்காட்டியது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அறிக்கையின் வழியில் எழுந்தது. கண்டுபிடிப்பு இந்நாட்டில் வணிக அளவில், தேவையற்ற தாமதமின்றிச் செயல்பட வேண்டும் என்பதற்காகவே காப்புரிமை வழங்கப்படுகிறது என்று அதன் 83-ஆம் பிரிவு கூறுகிறது. செயல்பட்டதா என்று உரிமையாளர் அறிவிக்க வேண்டிய படிவத்துக்குப் படிவம் 27 என்று பெயர். அது ஒழுங்காகத் தாக்கல் செய்யப்படாததையும், அரைகுறையாக நிரப்பப்படுவதையும் எதிர்த்துச் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவர் 2019-இல் மறைந்தார். ஆண்டுதோறும் தர வேண்டியிருந்த அந்த அறிக்கை 2024-ஆம் ஆண்டின் விதித் திருத்தத்துக்குப் பின் மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும் என்றாகிவிட்டது. வழங்கும் வேகம் கூடிய அதே காலத்தில், வழங்கியது என்னவாயிற்று என்று கேட்கும் வேகம் குறைந்துவிட்டது.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. தரவரிசையில் வெளியிடப்பட்ட விண்ணப்பத்துக்கான மதிப்பெண் நீக்கப்பட வேண்டும். வழங்கப்பட்ட காப்புரிமைக்கும், மூன்றாண்டுகளுக்குள் மாதிரி இயந்திரம் இயங்கியதற்கான சான்றோ உரிமம் கைமாறியதற்கான சான்றோ இருந்தால் மட்டுமே முழு மதிப்பெண் தரலாம். பல்கலைக்கழகத்தின் காப்புரிமைப் பிரிவு, ஊட்டும் இயந்திரத்துக்கான விண்ணப்பத்தை அனுப்புமுன், அந்த வேலையை இன்று கையால் செய்பவர் ஒருவரிடம் அதைக் காட்டிக் கருத்துப் பெறுவதை நடைமுறையாக்கலாம். புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தாமல் காலாவதியாகும் காப்புரிமைகளின் விவரக்குறிப்புகளை எளிய இந்திய மொழிகளில் சுருக்கி ஐடிஐ மாணவர்களுக்கும் பட்டறைகளுக்கும் தரலாம். அவை இனி பொதுச்சொத்து. எவரும் செய்து பார்க்கலாம். இவை அனைத்துக்கும் மேலாக, 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாநில வேளாண் துறைகள் தூசி தட்டி எடுத்து, விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு கதிரடிக்கும் இயந்திரத்தின் வாயையும் அளக்க வேண்டும். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஓர் அளவு நாடா போதும்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் இரண்டு வரிசைகள் சேர்ந்தே வருகின்றன. நிதியாண்டு முடிந்து காப்புரிமைகளின் எண்ணிக்கை கூட்டப்படும் மாதமும் அதுதான். வடநாட்டுக் கோதுமை வயல்களில் கதிரடிப்பு தொடங்கும் மாதமும் அதுதான். முதல் வரிசைக்குச் செய்தியாளர் சந்திப்பு நடக்கிறது. மாவட்ட மருத்துவமனையின் அறுவைப் பிரிவு வாசலில் துணி சுற்றிய கையோடு காத்திருப்போரின் வரிசை குறைந்ததா என்பதையும் அதே சந்திப்பில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.